மறை நூற்றிருபத்தாறு

எங்கள் பக்கத்தில் மறை எண் என்றால் சைபருக்குக் கீழே போகிற எண் என்று, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கும் ஒதுங்காத ஆட்களுக்குக்கூடத் தெரியும். அதற்குக் காரணம் தாம்போதி. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால, எங்கள் ஊரிலிருந்து வயல்வெளிக்கு, எங்கள் பேச்சில் வட்டைக்கு, போகிற தெருவை ஆறு குறுக்கறுக்கும் இடத்தில் அது கிடக்கிறது. பாலம் என்று சொல்ல முடியாது. கோடையில் தண்ணீர் அதன் அடியில் உள்ள குழாய்களால் போகும், மாரியில் தெருவுக்கு மேலால் போகும். மாரி தொடங்கினால் வேறு கதை கிடையாது. தண்ணீர் தாம்போதிக்குக் கீழேயா, மேலேயா, எவ்வளவு? கீழே என்றால் வயலுக்குப் போகலாம், மேலே என்றால் வீட்டில் இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஏதோ ஓர் உதவித் திட்டத்தில் தாம்போதி ஓரமாக ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் ஒரு பெட்டியைப் பூட்டினார்கள். பெட்டி தண்ணீரை நோக்கி ஓர் ஒலியை அனுப்பும். அது பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிட்டு, மணிக்கொரு தடவை எங்கள் வட்டையின் வட்ஸ்அப் குழுவுக்கு ஓர் இலக்கத்தை அனுப்பும். இதை விளங்கப்படுத்துவதற்காகக் கொழும்பிலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் விதைப்புக்கு முந்திய வட்டைக் கூட்டத்துக்கு வந்திருந்தார். நான் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவள். ‘கொம்பியூட்டர் ரீச்சரும் வரட்டும்’ என்று வட்டையின் தலைவரான வட்டவிதானை ஆள் அனுப்பியதால் நானும் போயிருந்தேன்.

பொறியியலாளர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஆற்றின் அடியிலிருந்து தண்ணீர் இத்தனை சென்ரிமீற்றர் என்று இலக்கம் வந்தது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போது என் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

“தம்பி, குறை நினைக்காதிங்க. ஆத்துட அடியிலயிருந்து அளந்து நாங்க என்ன செய்யிற? அடியால மீன் போகும், மனிசன் போறல்ல. தாம்போதிக்கு மேல எவ்வளவு, கீழ எவ்வளவு? அதச் சொல்லுமா உங்கட பெட்டி?”

“இவனுக்கு எப்பவும் அவன்ட எருமைக்குப் போற வழிதான் யோசின,” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

“செய்யலாம் ஐயா. லேசான வேலைதான்,” என்றார் பொறியியலாளர். அங்கேயே உட்கார்ந்து எதையோ தட்டினார். அடுத்த தடவை திரையில் இலக்கத்துக்கு முன்னால் ஒரு கோடு வந்தது. தாம்போதிக்குக் கீழே அறுபத்திரண்டு. மறை அறுபத்திரண்டு. கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு வட்டவிதானை கேட்டுக்கொண்டபடி முன்னால் போய் நின்று, கோடு இருந்தால் போகலாம், கோடு இல்லாவிட்டால் போகக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன், அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரேயொரு நல்ல கேள்வி அதுதான்.

இனி நான் கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இது விளங்காவிட்டால் மிச்சம் விளங்காது.

கணினிக்குள்ளே கோடு போடுவதற்கு இடமில்லை. அங்கே இருப்பதெல்லாம் எரிகிற விளக்கும் அணைந்த விளக்கும்தான், ஒன்றும் சைபரும். ஒரு விளக்கைப் பிற் என்பார்கள். எட்டு விளக்குகளை வரிசையாக வைத்தால் சைபரிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எழுதலாம், அதற்கு மேல் முடியாது. அப்படியானால் மறை எண்ணை எப்படி எழுதுவது? மோட்டார் சைக்கிளின் கிலோமீற்றர் மானியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சைபராக இருக்கும்போது அதை ஒரு பல் பின்னுக்குச் சுற்றினால் எல்லாம் ஒன்பதாகிவிடும். ஆகவே எல்லாம் ஒன்பது என்றால் மறை ஒன்று என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளலாம். கணினியிலும் அதே கூத்துத்தான். எட்டு விளக்கும் எரிந்தால் அது இருநூற்று ஐம்பத்தைந்து. நாங்கள் பேசி வைத்துக்கொண்டால் அதுவே மறை ஒன்று. இப்படி எண்களில் பாதியை மறைக்குக் கொடுத்துவிடுகிறோம். சைபர் தொடக்கம் நூற்று இருபத்தேழு வரை நேர், மிச்சமெல்லாம் மறை. இதற்கு இரண்டின் நிரப்பி என்று பெயர். விளக்குகள் மாறுவதில்லை, நாங்கள் அவற்றைக் கூப்பிடுகிற பெயர்தான் மாறுகிறது.

இதில் ஒரு கோணல் உண்டு. எண்கள் வட்டமாகக் கைகோத்து நிற்கின்றன. நூற்று இருபத்தேழுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது மறை நூற்று இருபத்தெட்டு. ஒன்றைக் கூட்டினால் நேரின் உச்சியிலிருந்து மறையின் அடிக்குப் போய் விழுவீர்கள். வகுப்பில் இந்த இடம் வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். “என்ன ரீச்சர், கூட்டினாக் குறையுது?” என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியிலும் எட்டு விளக்குத்தான். மலிவான பெட்டி, சின்னச் செய்தி. ஆற்றின் அடியிலிருந்து எண்ணியபோது சைபர் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை அச்சொட்டாகப் பொருந்தியது. தாம்போதியின் தெரு, அடியிலிருந்து நூறு சென்ரிமீற்றர் உயரம். அண்ணன் கேட்டபடி அதைச் சைபராக்கியபோது மறை நூறிலிருந்து நேர் நூற்று ஐம்பத்தைந்து வரை எழுத வேண்டி வந்தது. கோடு போடுவதற்காகப் பாதியை மறைக்குக் கொடுத்த எட்டு விளக்கில், நேர்ப் பக்கம் நூற்று இருபத்தேழோடு முடிந்துவிடும். மேலே ஓர் இருபத்தெட்டு சென்ரிமீற்றர் வெளியே நின்றது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் அந்தப் பெட்டியின் உள்ளே பார்த்தவளல்ல, அவர் எத்தனை விளக்கு வைத்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. என் பிழை என்று ஒன்று இருந்திருந்தால் அதைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். அதுவும் இல்லை.

முதல் மாரியில் வெள்ளம் அவ்வளவு வரவில்லை. சனம் இலக்கத்தோடு விளையாடியது. கடையில் கடன் கேட்டவனுக்கு, “தம்பி, உன்ட கணக்கு ஏற்கனவே மறையிலதான் இரிக்கி,” என்று பதில் வந்தது. பரீட்சையில் கோட்டை விட்ட மகனைப் பார்த்து ஒரு தாய், “இவன்ட மூள தாம்போதிக்குக் கீழ நாப்பது,” என்று குழுவிலேயே குரல் பதிந்து போட்டாள். விடியற்காலையில் அண்ணன் எனக்கு அழைப்பெடுத்து, “புள்ள, மறை பன்னிரண்டு, நான் போறன்,” என்பார். “எனக்கும்தானே அந்த மெசேஜ் வருது, அதுக்கு ஏன் நித்திரையக் கெடுக்கிற?” என்று எரிந்து விழுவேன். நான் அப்படித்தான், முணுக்கென்றால் கோபம் வரும்.

அடுத்த மாரி வேறு மாதிரி வந்தது. வானம் உடைந்து ஊற்றியது. மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வெள்ளாமை கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்தில் நின்றது. ஊரில் பாதி வீடுகளுக்குள் தண்ணீர். எங்கள் பாடசாலை மேட்டில் இருப்பதால் அது இடைத்தங்கல் முகாமாயிற்று. அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தார்கள். அவளும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் வரவில்லை. வட்டைக்குள் ஒரு மேட்டில் அவர் காவலுக்குத் தங்குகிற வாடிக் குடிசை இருந்தது, அதோடு எருமைப் பட்டி. ஒரு எருமை கன்று போடுகிற நிலையில் நின்றது.

“அத விட்டுட்டு எப்பிடிப் புள்ள வாற? வாய் பேசாத சீவன்,” என்றார் போனில்.

“வாய் பேசுற சீவன் மூண்டு இஞ்ச அழுதுகொண்டு இரிக்கிதுகள்,” என்றேன்.

“நாளைக்குத் தோணி வரும்தானே, அதில வாறன். மச்சாளச் சாப்பிடச் சொல்லு,” என்றார். அன்று பின்னேரமே ஊருக்கும் தாம்போதிக்கும் இடையிலிருந்த தெருவும் அறுந்துபோயிற்று. அதன் பிறகு தாம்போதியைக் கண்ணால் பார்த்த மனிதர் ஒருவரும் இல்லை. கம்பமும் பெட்டியும் மட்டும்தான் அங்கே நின்றன.

பிரதேச செயலகத்தில் வெள்ளத்துக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். அந்த மேசையில் இருந்த உத்தியோகத்தர் முப்பது வயதுப் பொடியன், நித்திரை இல்லாமல் குரல் கட்டிப்போயிருந்தது. அவரிடம் அண்ணனின் நிலையைச் சொன்னேன். கடலோரத்து வாவியிலிருந்து இயந்திரத் தோணி ஒன்று கொண்டுவந்திருப்பதாகவும், மறுநாள் முதல் ஓட்டமே எங்கள் வட்டைக்குத்தான் என்றும் சொன்னார். மச்சாளிடம் சொன்னேன். அவள் அன்றிரவு இரண்டு வாய் சோறு தின்றாள்.

மறுநாள் விடியப்புறம் ஆற்றுவாயை வெட்டினார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். வாவி கடலோடு சேருகிற வாயை அலை மணலால் மூடிவிடும். வெள்ளம் ஏறி வயல்கள் தாழும்போது அந்த மணல் மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்று மீன்காரருக்கும் வயல்காரருக்கும் ஒவ்வொரு வருடமும் இழுபறி நடக்கும். வெட்டியாயிற்று என்ற சொல் வந்துவிட்டால் வாவிக்கு மேற்கே கிடக்கிற படுவான்கரை முழுக்க ஒரு பெருமூச்சு விடும். இனித் தண்ணீர் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்கும் குழுவில் அந்தச் செய்திதான் முதலில் வந்தது. ‘ஆத்துவாய் வெட்டியாச்சு.’ கும்பிடுகிற கைகளாகப் போட்டுத் தள்ளினார்கள்.

நான் அதைப் பார்க்கவில்லை. மின்சாரம் இல்லாததால் என் போன் அதிபரின் அறையில் ஜெனரேற்றரோடு தொங்கிக் கிடந்தது. நான் சமையல் பக்கம் நின்று, பருப்பை ஊற்றுவதா சோற்றைக் கட்டுவதா என்று வாதாடியவர்களை ஏசிக்கொண்டிருந்தேன். மத்தியானம் நெருங்கும்போது மச்சாள் ஓடி வந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

“மச்சாள், பாத்தீங்களா? மறைக்குப் போயிட்டு! ஒரேயடியா இறங்கிட்டு! உங்கட அண்ணன் பின்னேரம் நடந்தே வந்திருவார்!”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் இலக்கங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. நூற்றொன்பது. நூற்று இருபத்தொன்று. அதற்கு அடுத்தது மறை நூற்று இருபத்தாறு. பிறகு மறை நூற்றுப் பத்தொன்பது. பிறகு மறை நூற்றுப் பன்னிரண்டு.

தாம்போதிக்குக் கீழே ஆறே நூறு சென்ரிமீற்றர் ஆழம்தான். மறை நூற்று இருபத்தாறு என்றால் தண்ணீர் ஆற்றின் மண்ணுக்குள்ளே இறங்கி நிற்க வேண்டும். இருநூற்று ஐம்பத்தாறில் நூற்று இருபத்தாறைக் கழித்தேன். நூற்று முப்பது. அடுத்தது நூற்று முப்பத்தேழு. அடுத்தது நூற்று நாற்பத்து நான்கு. தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

“என்ன மச்சாள்? மறைதானே?” என்றாள் அவள்.

“மறை இல்ல.”

“கோடு போட்டிரிக்கே!”

“கோடு பொய், மச்சாள். தண்ணி ஏறுது.”

அவள் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே நின்றது. நான் சொன்னதை அவள் நம்பவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு மனுசியின் சந்தோசத்தைக் கையால் பிடுங்கி எறிந்த மாதிரி இருந்தது எனக்கு.

அண்ணனுக்கு அழைப்பெடுத்தேன். போகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். அந்த இலக்கத்தை அடைய முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சாவகாசமாகச் சொன்னது. அவளையும் ஏசினேன். பிறகு செயலகத்து மேசைக்கு எடுத்தேன்.

“தோணி எங்க தம்பி?”

“அங்கால ஊருக்குப் போயிட்டு ரீச்சர். அங்க வாசிகசாலைக் கூரைக்கு மேல சனம் நிக்கிது, சின்னப் புள்ளைகள். உங்கட பக்கம் தாம்போதி மறைக்கு வந்திட்டுத்தானே?”

“அது மறை இல்ல தம்பி! அது நூத்தி முப்பதுக்கு மேல! எட்டுப் பிற்றில நூத்தி இருபத்தேழத் தாண்டினா மறையாத்தான் காட்டும்! இரண்டின் நிரப்பி!”

பின்னால் வேறு போன்கள் அலறுவது கேட்டது.

“ரீச்சர், இப்ப பாடம் எடுக்கிற நேரமா?” என்றார். கேலி இல்லை, களைப்புத்தான்.

“சரி, பாடம் வேணாம். ஒரு மணித்தியாலத்தில ரெண்டரை மீற்றர் தண்ணி எங்க போன? ஆகாயத்துக்கா?”

“ஆத்துவாய் வெட்டினதுதானே.”

“ஆத்துவாய் எங்க கிடக்கு, தாம்போதி எங்க கிடக்கு! விடிய வெட்டின வாயால எங்கட வட்டைத் தண்ணி இப்ப போயிருமா? நீ வயல்காரன்ட மகன்தானே, உனக்குத் தெரியாதா?”

“தெரியும் ரீச்சர். ஆனா பெட்டி சொல்லுதே. உங்கட அண்ணன்…” என்று ஏதோ தொடங்கினார்.

“என்ட அண்ணன் செத்தா உன்னத்தான் கேப்பன்!” என்று கத்திவிட்டு வைத்தேன்.

யாரையோ பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏறி, முழங்கால் தண்ணீருக்குள்ளால் செயலகத்துக்குப் போனேன். மேசை இருந்த அறையில் வெள்ளைப் பலகையில் எல்லா இடத்து மட்டங்களும் எழுதியிருந்தன. எங்கள் தாம்போதிக்கு நேரே மட்டும் பச்சை மையால் மறை என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். அந்த அறையிலிருந்த பெரியவர் ஒருவர், “மெசின் பிழையாச் சொல்லுமா பிள்ள? மனிசன்தான் பிழ விடுவான்,” என்றார். நான் பச்சை மையை என் சேலைத் தலைப்பால் அழித்தேன். அதன் மேல் எட்டுக் கட்டம் கீறினேன். பாடசாலையில் எத்தனையோ தடவை கீறிய அதே எட்டுக் கட்டம். பெரிய பெரிய உத்தியோகத்தர் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், அங்கே சாணையும் முழத்தையும் வைத்துக்கொண்டுதான் நான் சண்டை பிடித்தேன்.

கடைசியில் அந்தப் பொறியியலாளரின் இலக்கத்தை எப்படியோ தேடிப் பிடித்தோம். கொழும்பில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், வாய்க்குள் சோறோடு பேசினார். இலக்கங்களை வாசித்துக் காட்டினேன். நூற்று இருபத்தொன்று, பிறகு மறை நூற்று இருபத்தாறு. மெல்லுகிற சத்தம் நின்றது.

“அக்கா… எட்டு பிட்… ஐயோ. நான் அந்த இடத்தில எட்டுத்தான் போட்டன்.” பிறகு, “அந்த ஐயா கேட்டார்தானே, அண்டைக்கு மாத்தினது,” என்றார்.

உத்தியோகத்தரின் முகம் வெளுத்ததை அப்போது பார்த்தேன். உடனே போனை எடுத்துத் தோணிக்காரனுக்கு அடித்தார். கூரையில் நின்ற பிள்ளைகளை ஏற்றி முடித்துவிட்டார்கள், கரையில் இறக்கிவிட்டு வருவார்கள் என்று பதில் வந்தது. அது வரைக்கும் நாங்கள் அந்த அறையில் நின்றோம். பெட்டி அடுத்த செய்தியை அனுப்பியது. மறை நூற்று நான்கு. அதற்கடுத்தது மறை நூற்று ஒன்று. அதற்குப் பிறகு மறை நூற்று ஒன்று, மறை நூற்று ஒன்று என்று அதிலேயே நின்றது. தண்ணீர் பெட்டியையே தொட்டுவிட்டது. அதற்கு மேல் அளக்க அதற்கு வழியில்லை.

தோணிக்காரன் வாவியில் இறால் பிடிக்கிற மனிதன், நிறையப் பேசமாட்டான். பொழுது படுகிற நேரம் வந்து சொன்னான்.

“மேடு இல்லக்கா. வாடிக் கூரை ஒரு மருத மரத்தில கொழுவிக் கிடக்கு. ரெண்டு எருமை நீந்திக்கொண்டு நிண்டுது. கூப்பிட்டுப் பாத்தம். ஒண்டும் கேக்கல்ல.”

மச்சாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கூப்பிட்டது காணாது, இன்னும் கூப்பிட்டிருக்கணும்,” என்றாள்.

வெள்ளம் வற்றத் தொடங்கிய பிறகு, வாவியில் வலை போட்டவர்கள் அண்ணனைக் கண்டெடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. சாரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

செத்த வீட்டுக்கு உத்தியோகத்தரும் வந்தார். அவர் வாசல் படலைக்குள் கால் வைத்ததும் நான் எழும்பினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். தோணியைத் திருப்பிவிட்டவன் என்றேன், கோட்டைப் பார்த்து ஆளைக் கொன்றவன் என்றேன். சனம் என்னைப் பிடித்து இழுத்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டுப் போனார். மச்சாள் என்னிலும் ஒரு படி மேலே போனாள். ஒவ்வொரு பின்னேரமும் படலையடிக்கு வந்து, செயலகம் இருக்கிற திசையைப் பார்த்து மண்ணை அள்ளித் தூற்றினாள். “என்ட தாலிய அறுத்தவன் உருப்படமாட்டான்,” என்று ஒப்பாரி மாதிரி இழுத்துச் சொல்வாள். பிள்ளைகள் பயந்தன. நான் தடுக்கவில்லை. அந்தக் கோபம் ஒன்றுதான் அவளை எழுப்பி நடமாட வைத்தது, சோறு தின்ன வைத்தது. எனக்கும் அப்படித்தான்.

பெட்டியைத் திருத்திவிட்டார்கள். பொறியியலாளர் கொழும்பிலிருந்தபடியே திருத்தினாராம். எட்டு என்று இருந்த இடத்தில் பதினாறு என்று மாற்றினால் போதும், வேறொன்றும் செய்யத் தேவையில்லை. இனி முப்பத்திரண்டாயிரம் சென்ரிமீற்றர் வெள்ளம் வந்தாலும் அது பிழையில்லாமல் காட்டும். அவ்வளவு வெள்ளம் வந்தால் அதைப் பார்க்க இந்தத் தீவில் யார் இருக்கப் போகிறார்கள்? பாடசாலை தொடங்கியதும் அந்த அலகைப் படிப்பிக்கச் சொன்னார்கள். பலகையில் எட்டுக் கட்டம் கீறினேன். அதோடு நிறுத்தினேன். பாடத்தை வேறொரு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எத்தனையோ வருடம் விளக்கமாகப் படிப்பித்திருக்கிறேன். என் அண்ணனுக்கு அது ஒரு சதத்துக்கும் உதவவில்லை. தெரிந்த விசயம் உதவாமல் போவதைவிடத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்தேன், இன்றைக்கும் அந்த எண்ணம் வருகிறது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அந்த உத்தியோகத்தர் மறுபடி வந்தார். தனியாக வந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. கதிரையைக் காட்டினேன், அவர் இருக்கவில்லை.

“ரீச்சர், ஒண்டு சொல்லணும். சொல்லாம இருப்பம் எண்டுதான் நினைச்சன். செத்த ஆளில பழியப் போட்ட மாதிரி ஆகிரும். ஆனா எனக்கு நித்திர வருகுதில்ல.”

“சொல்லுங்க.”

“அண்டைக்குத் தோணிய நான் திருப்பல்ல ரீச்சர். தோணி உங்கட வட்டைக்குத்தான் வெளிக்கிட்டது. பாதி வழி வந்திட்டு. அப்ப உங்கட அண்ணன் எனக்கு எடுத்தார்.”

“என்ன சொன்னார்?” என்றேன்.

“‘ஆத்துவாய் வெட்டிட்டாங்க, தாம்போதியும் மறைக்கு வந்திட்டு, நான் மாடுகளோட பின்னேரம் நடந்தே வந்திருவன். அங்கால கூரையில புள்ளைகள் நிக்கிதாம் எண்டு குழுவில கிடக்கு, அங்க அனுப்புங்க தோணிய,’ எண்டார். நான் ரெண்டாந்தரமும் கேட்டன் ரீச்சர். ‘மேட்டச் சுத்தித் தண்ணி நிக்கிதா அண்ணன்?’ எண்டு கேட்டன். ‘நிக்கிதுதான், ஆனா இனி இறங்கும்தானே. போன் சாகப் போகுது தம்பி, என்னோட மினக்கெடாம அதுகளப் பாரு,’ எண்டார். அதோட கட்டாகிட்டு.”

“அண்டைக்கு ஏன் இதச் சொல்லல்ல?”

“நீங்க சொல்ல விடல்ல. பிறகு செத்த வீட்டில சொல்ல மனம் வரல்ல. என்னத் திட்டினா உங்களுக்கு ஆறும் எண்டா, திட்டட்டும் எண்டு இருந்திட்டன்.”

மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

“அந்தப் புள்ளைகள்?” என்று கேட்டாள்.

“எல்லாம் உசிரோட இரிக்கிதுகள் அக்கா. அண்டைக்குத் தோணி வந்து கொஞ்ச நேரத்தில அந்தக் கூரையும் இடிஞ்சு விழுந்திட்டு.”

அவர் போய்விட்டார். நாங்கள் இருவரும் விறாந்தையில் இருந்தோம். மச்சாள் வழமையாகப் படலையடிக்குப் போகிற நேரம் வந்தது. அவள் எழும்பினாள், இரண்டு அடி வைத்தாள், பிறகு வந்து என் பக்கத்தில் மெல்ல இருந்தாள். அழவில்லை. உள்ளங்கைகளை விரித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:

“அப்ப நான் இனி ஆர ஏசுற, மச்சாள்?”